புள்ளிக் கணக்கில் கனடா, ஆஸ்திரேலியா: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், கருங்கல் பக்கம் வெளிநாட்டுக் குடியேற்றம் பற்றி நர்சுகள், இன்ஜினியர்கள், கல்ஃபில் இருந்து லீவில் வந்தவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றுக்கான பதில்கள் இங்கே. எண்கள் எல்லாம் 2025 இறுதி நிலவரப்படி. விதிகள் அடிக்கடி மாறுவதால், பணம் கட்டும் முன்பு அந்தந்த நாட்டு அரசு இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கம்பெனி விசா இல்லாமல் எப்படிப் போக முடியும்?

கல்ஃபுக்குப் போகிறவர்களுக்கு முதலில் வேலை, பிறகு விசா. வேலை போனால் விசாவும் போகும். கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி (2015 ஜனவரியில் தொடங்கியது), ஆஸ்திரேலியாவின் ஸ்கில்செலக்ட் (2012 ஜூலை) இரண்டும் வேறு மாதிரி. வயது, படிப்பு, மொழி, அனுபவம் இவற்றுக்குப் புள்ளி போட்டு, மேலே இருப்பவர்களை அரசே அழைக்கும். கையில் வேலை இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கிடைப்பது நிரந்தரமாக அங்கே வசிக்கும் அனுமதி, அதாவது நம் ஊரில் எல்லாரும் சொல்லும் பி.ஆர்.

எனக்கு 67 புள்ளி வந்துவிட்டது, 'எலிஜிபிள்' என்று ஏஜென்ட் சொல்லிவிட்டார். அப்புறம் என்ன, கிளம்ப வேண்டியதுதானே?

இல்லை. அதிகப் பேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

கனடாவில் இரண்டு தனித்தனிக் கணக்குகள் உண்டு. முதலாவது 100-க்குப் போடுவது, 67 எடுத்தால் தேர்ச்சி. அது உள்ளே நுழைய மட்டுமே. இரண்டாவது சி.ஆர்.எஸ் எனப்படும் 1200 புள்ளிக் கணக்கு. உள்ளே இருப்பவர்களை வரிசைப்படுத்துவது அதுதான். பிளஸ் டூ பாஸ் ஆவது வேறு, கவுன்சலிங் கட்-ஆஃபைத் தொடுவது வேறு என்பது நம் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். இதுவும் அப்படியே. ஏஜென்ட் சொன்ன 'எலிஜிபிள்' பொய் இல்லை. பாஸ் ஆகிவிட்டீர்கள் என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

அரசு அழைப்பு அனுப்பும் ஒவ்வொரு சுற்றிலும் சி.ஆர்.எஸ் கட்-ஆஃப் மாறும். 2021 பிப்ரவரியில் கனடாவிலேயே வேலை பார்த்தவர்களுக்கான ஒரு சுற்றில் 75 வரை இறங்கியது. அந்தக் கதையை இன்றும் சொல்லி ஆள் பிடிக்கிறார்கள். அது கொரோனாக் காலத்து விதிவிலக்கு. எல்லாருக்குமான பொதுச் சுற்றில் 2024 ஏப்ரல் 23 அன்று கட்-ஆஃப் 529. அதற்குப் பிறகு 2025 முடியும்வரை அப்படிப் பொதுச் சுற்றே நடத்தவில்லை. கனடாவில் ஏற்கெனவே வேலை பார்ப்பவர்கள், மாகாணம் பரிந்துரைத்தவர்கள், பிரெஞ்சு தெரிந்தவர்கள், மருத்துவத் துறையினர் என்று பிரித்துப் பிரித்தே அழைத்தார்கள். வருடாந்தர பி.ஆர் இலக்கையும் குறைத்துவிட்டார்கள். 5 லட்சம் என்று முன்பு பேசியது, 2025-க்கு 3,95,000 என்றானது.

என் புள்ளியை நானே கணக்குப் போட முடியுமா?

ஒரு சாயங்காலம் போதும். கனடா அரசின் இணையதளத்தில் கணக்குக் கருவி இலவசம். எப்படி ஏறுகிறது என்று பார்க்க ஓர் உதாரணம். ஒரு பெண், 29 வயது, கல்யாணம் ஆகவில்லை, பி.எஸ்சி நர்சிங், 5 வருட அனுபவம். ஐ.இ.எல்.டி.எஸ் ஆங்கிலத் தேர்வில் கேட்டல் 8, வாசித்தல் 7, எழுதுதல் 7, பேசுதல் 7. இந்த மதிப்பெண்களைக் கனடா தன் மொழி அளவுகோலில் 9-ஆம் நிலை, அதாவது 'சி.எல்.பி 9' என்று எடுத்துக்கொள்ளும்.

வயதுக்கு 110. பட்டத்துக்கு 120. மொழிக்கு நான்கு பகுதிக்கும் 31 வீதம் 124. பட்டமும் நல்ல ஆங்கிலமும் சேர்ந்திருப்பதற்கு 25. கனடாவுக்கு வெளியே மூன்று வருடத்துக்கு மேல் அனுபவமும் நல்ல ஆங்கிலமும் சேர்ந்திருப்பதற்கு 50. ஆக மொத்தம் 429.

சரி, இந்த 429 வைத்து என்ன செய்யலாம்? 2025-இல் மருத்துவத் துறைச் சுற்று மே மாதம் 510-இல் நின்றது, ஆகஸ்டில் 470-க்கு இறங்கியது. இரண்டுக்குமே எட்டவில்லை. இதே பெண் எம்.எஸ்சி முடித்திருந்தால் 469. ஒரு புள்ளியில் போயிருக்கும்.

எம்.எஸ்சி இல்லாவிட்டாலும், பட்டத்துக்கு மேல் ஓர் ஆண்டு முதுநிலை டிப்ளமோ இருந்து, அதை நம் படிப்பைக் கனடாவுக்காக மதிப்பிடும் நிறுவனம் தனிப் படிப்பாக ஏற்றுக்கொண்டால் 33 புள்ளி கூடும். 462 ஆகும். அதோடு ஆங்கிலத்தைக் கேட்டல் 8.5, வாசித்தல் 8, எழுதுதல் 7.5, பேசுதல் 7.5 என்று உயர்த்தினால் இன்னும் 12. மொத்தம் 474. ஆகஸ்டில் அழைப்பு வந்திருக்கும்.

எழுதுதலில் மட்டும் 6.5-லேயே நிற்கிறது. அரை பேண்டுதானே, பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்லிப் பணம் வாங்குகிறவரிடம் இருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

மேலே சொன்ன அதே பெண்ணுக்கு எழுதுதல் மட்டும் 6.5, மற்ற மூன்றும் அப்படியே என்று வையுங்கள். எழுதுதலுக்கான 31 புள்ளி 23 ஆகும், 8 போயிற்று. அதோடு நிற்காது. 'சேர்ந்திருப்பதற்கு' என்று கொடுத்த புள்ளிகள் எல்லாம் நான்கு பகுதியும் சி.எல்.பி 9-ஐத் தொட்டால்தான் முழுதாகக் கிடைக்கும். ஒன்று குறைந்தாலும் 25 என்பது 13 ஆகும், 50 என்பது 25 ஆகும். ஆக அரை பேண்டுக்கு இழப்பு 45 புள்ளி. 429 இருந்தது 384-க்கு வந்துவிடும்.

நான்கு பகுதியுமே சி.எல்.பி 8-இல் நின்றால் (கேட்டல் 7.5, மற்றவை 6.5) 360தான். அந்த நிலையில் 67 எடுக்க வேண்டிய முதல் கணக்கிலேயே சிக்கல். வயதுக்கு 12, பட்டத்துக்கு 21, ஐந்து வருட அனுபவத்துக்கு 13, மொழிக்கு 20, மொத்தம் 66. ஒரு புள்ளியில் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். ஆறு வருட அனுபவம் ஆகிவிட்டால் அனுபவத்துக்கு 15 கிடைத்து 68 ஆகும்.

அதனால் கையில் உள்ள பணத்தை முதலில் ஆங்கிலத்துக்குச் செலவழிப்பதே புத்திசாலித்தனம். எழுதுதலில் நம் ஆட்கள் தவறுவது பெரும்பாலும் இலக்கணத்தால் இல்லை. கேள்வி கேட்டதற்குப் பதில் எழுதாமல், கோச்சிங் சென்டரில் மனப்பாடம் செய்த முன்னுரையைக் கொண்டுவந்து வைப்பதால்தான். தேர்வு முடிவு இரண்டு வருடம்தான் செல்லும், அதையும் கணக்கில் வையுங்கள்.

பிரெஞ்சு படித்தால் கிடைக்கும் என்கிறார்கள். விளம்பரமா, உண்மையா?

உண்மை. ஆனால் விளம்பரத்தில் சொல்வதுபோல் ஆறு மாதத்தில் நடக்கிற காரியம் இல்லை. 2025 மார்ச்சில் பிரெஞ்சு சுற்றின் கட்-ஆஃப் 379. நம் உதாரணப் பெண் நான்கு பகுதியிலும் நடுத்தர நிலையைத் தொட்டால் (பிரெஞ்சு அளவுகோலில் 7), இரண்டாம் மொழிக்கு 12, கூடுதலாக 50 கிடைத்து 491 ஆகிவிடும். வேலை பார்த்துக்கொண்டே அந்த நிலைக்கு வர, ஒழுங்காகப் படித்தாலும் ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னை வரை போக வேண்டாம், திருவனந்தபுரத்திலேயே அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. 27 வயதில் தொடங்குகிறவருக்கு இது நல்ல வழி. 38 வயதில் தொடங்கினால், படித்து முடிப்பதற்குள் வயதுப் புள்ளி கரைந்துகொண்டே போகும்.

எனக்கு 36 வயது, சவுதியில் 11 வருடம் ஏ.சி டெக்னீஷியன். அனுபவம் நிறைய இருக்கிறதே?

அனுபவம் நிறைய இருப்பதால் புள்ளி நிறைய வருவதில்லை. சி.ஆர்.எஸ் கணக்கில் வெளிநாட்டு அனுபவம் மூன்று வருடத்தோடு நின்றுவிடும், மூன்றும் பதினொன்றும் ஒன்றுதான். வயதோ 29 வரை முழுப் புள்ளி, 30-இலிருந்து வருடத்துக்கு ஐந்து ஆறாக இறங்கும். தனி ஆளாக 36 வயதில் 72, 40-இல் 50, 45-இல் பூஜ்யம். உங்கள் பிறந்தநாள் அன்று கணினி தானாகவே குறைத்துக்கொள்ளும்.

புள்ளியைவிடப் பெரிய தலைவலி காகிதம். கல்ஃபில் இருந்தவர்களுக்கு வழக்கமாக வரும் சிக்கல்கள் இவை.

இகாமாவில் (சவுதியில் தரும் குடியிருப்பு அட்டை) தொழில் 'லேபர்' என்றோ 'டிரைவர்' என்றோ இருக்கும், பார்த்த வேலை டெக்னீஷியன். அப்போது கம்பெனி லெட்டர்ஹெட்டில், பதவி, தேதிகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், என்னென்ன வேலை செய்தீர்கள் என்று எல்லாம் போட்டுக் கையெழுத்தான கடிதம் வேண்டும். 'இவர் எங்களிடம் நன்றாக வேலை பார்த்தார், வாழ்த்துகள்' என்ற நான்கு வரிச் சான்று செல்லாது. கம்பெனி மூடிப்போயிருந்தால் சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு விவரம், ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, பழைய சூப்பர்வைசரின் கடிதம் என்று சுற்றிச் சுற்றிச் சேர்க்க வேண்டும். அங்கே இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். ஊருக்கு வந்த பிறகு அந்த கஃபீலை, அதாவது ஸ்பான்சர் முதலாளியைப் போனில் பிடிப்பது லேசான வேலை இல்லை.

அதேபோல், கடந்த பத்து வருடத்தில் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் இருந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் போலீஸ் சான்று தேவை. துபாய், கத்தார், சவுதி என்று மாறி மாறிப் போனவர்களுக்கு மூன்று நாட்டுச் சான்று. நம் நாட்டுச் சான்று பாஸ்போர்ட் சேவா வழியாகவே கிடைத்துவிடும்.

தொழில் அனுபவம் உள்ளவர்களுக்கென்று கனடாவில் தனிப் பிரிவும் உண்டு. அதற்கு ஆங்கிலம் குறைவாக இருந்தாலும் போதும். ஆனால் முழுநேர வேலை வாய்ப்பு அல்லது அந்த நாட்டு மாகாணத்தின் தொழில் சான்று ஏதாவது ஒன்று கையில் இருக்க வேண்டும். இங்கிருந்துகொண்டு அது கடினம்.

கணவன் பெயரில் போடுவதா, மனைவி பெயரில் போடுவதா?

இரண்டு பேர் கணக்கையும் போட்டுப் பார்த்து, அதிகம் வருகிறவர் பெயரில் போடுங்கள். குமரி மாவட்டத்தில் பல வீடுகளில் மனைவி பி.எஸ்சி நர்ஸ், கணவர் டிப்ளமோவோ ஐ.டி.ஐயோ முடித்து கல்ஃபில் இருப்பார். அங்கே மனைவி முதன்மை விண்ணப்பதாரராக இருப்பதே லாபம். 'குடும்பத் தலைவர் நான்தானே' என்ற பிடிவாதம் கனடாக்காரனுக்குத் தெரியாது. துணை இருந்தால் முதன்மை ஆளின் புள்ளி கொஞ்சம் குறையும், துணையின் படிப்புக்கு 10 வரை, மொழிக்கு 20 வரை திரும்பக் கிடைக்கும். எனவே கணவரும் ஐ.இ.எல்.டி.எஸ் எழுதட்டும்.

'துணை உடன் வரவில்லை என்று காட்டினால் தனி ஆள் புள்ளி கிடைக்குமாமே' என்றும் கேட்கிறார்கள். உண்மையிலேயே வரவில்லை என்றால் சரி. புள்ளிக்காகப் பொய் சொன்னால், பிடிபடும்போது ஐந்து வருடத் தடை.

சித்தப்பா மகன் டொராண்டோவில் இருக்கிறான். புள்ளி உண்டா?

நமக்கு அண்ணன் முறைதான், அவர்களுக்கு இல்லை. கூடப்பிறந்த அண்ணன், தம்பி, அக்கா, தங்கை கனடாக் குடிமகனாகவோ பி.ஆராகவோ அங்கே வசித்தால் சி.ஆர்.எஸ்ஸில் 15. சித்தப்பா, மாமா, அத்தை இருந்தால் முதல் 67 புள்ளிக் கணக்கில் மட்டும் 5 கிடைக்கும்.

வேலை வாய்ப்புக் கடிதம் வாங்கித் தருகிறேன், புள்ளி ஏறும் என்கிறார்கள்.

2025 மார்ச் 25 முதல் வேலை வாய்ப்புக்கான புள்ளியையே சி.ஆர்.எஸ்ஸில் இருந்து எடுத்துவிட்டார்கள். கடிதங்கள் காசுக்கு விற்கப்பட்டதுதான் காரணம். இன்னும் அதைச் சொல்லிப் பணம் கேட்பவர் ஒன்று விவரம் தெரியாதவர், இல்லை விவரமானவர். மாகாணப் பரிந்துரை கிடைத்தால் 600 புள்ளி என்பது மட்டும் அப்படியே இருக்கிறது.

பாஸ்போர்ட்டில் எனக்கு ஒரே பெயர்தான், சர்நேம் காலி. சான்றிதழில் இனிஷியல். பிரச்சினையா?

நம் பக்கம் பாதிப் பேருக்கு இதுதான் நிலைமை, அதனால் பயப்பட வேண்டாம். கனடா விண்ணப்பத்தில் சர்நேம் இல்லாதவர்கள் தங்கள் பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் எழுதிவிட்டு, மற்றதைக் காலியாக விடச் சொல்கிறார்கள். சிக்கல் வருவது எழுத்து வேறுபாட்டில். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு ஸ்பெல்லிங், டிகிரியில் வேறு, பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்து எழுதியது, ஞானஸ்நானச் சான்றில் இன்னொரு பெயர். ஐ.இ.எல்.டி.எஸ்ஸுக்குப் பதியும்போதும், படிப்பு மதிப்பீட்டுக்கு அனுப்பும்போதும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்து மாறாமல் கொடுங்கள். பழைய சான்றுகளில் உள்ள வேறுபாட்டுக்கு ஒரே ஆள்தான் என்று நோட்டரி பிரமாணப் பத்திரம் ஒன்று எடுத்து வையுங்கள்.

படிப்பு மதிப்பீட்டுக்கு எங்கே அலைய வேண்டும்? அரியர் இருந்தால் புள்ளி குறையுமா?

குறையாது. மதிப்பெண்ணை யாரும் பார்ப்பதில்லை, பட்டம் கிடைத்ததா என்பதே கேள்வி. ஆனால் மதிப்பீட்டு நிறுவனத்துக்கு மதிப்பெண் பட்டியலைப் பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்ப வேண்டும். நர்சிங் படித்தவர்களுக்குத் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர் மருத்துவப் பல்கலைக்கழகம், இன்ஜினியர்களுக்கு அண்ணா பல்கலைக்கழகம், இரண்டும் சென்னையில். பெங்களூரில் நர்சிங் முடித்தவர்கள் கர்நாடகத்துப் பல்கலைக்கழகத்தைத்தான் பார்க்க வேண்டும். திருநெல்வேலி அண்ணா பல்கலைக்கழகம் தனியாக இயங்கிய 2007–2012 காலத்தில் படித்தவர்களும் இப்போது சென்னையையே கேட்க வேண்டும், அது அங்கே இணைந்துவிட்டது. கலைக் கல்லூரி என்றால் பெரும்பாலும் திருநெல்வேலியில் உள்ள மனோன்மணீயம் சுந்தரனார். இந்த வேலை எல்லாம் மெதுவாகவே நகரும், ஐ.இ.எல்.டி.எஸ் படிக்கத் தொடங்கும்போதே இதையும் தொடங்கிவிடுங்கள். மதிப்பீடு ஐந்து வருடம் செல்லும்.

கையில் எவ்வளவு பணம் காட்ட வேண்டும்? ரப்பர் தோட்டம் இருக்கிறது.

தோட்டம், வீடு, நகை எதுவும் கணக்கில் வராது. வங்கியில் உங்கள் பெயரில் உள்ள, நினைத்தால் எடுக்கக்கூடிய பணம்தான் வரும். தனி ஆளுக்குச் சுமார் 15,000 கனடா டாலர், நான்கு பேர் குடும்பத்துக்கு 28,000-ஐத் தாண்டும். வருடாவருடம் மாற்றுவார்கள். ஆறு மாதக் கணக்கு விவரம் கேட்பார்கள். நகையை அடகு வைத்தோ வட்டிக்கு வாங்கியோ போட்ட பணம் கடன், அது செல்லாது. சீட்டு எடுத்துத் திடீரென்று லட்சக்கணக்கில் ஏற்றினால் எங்கிருந்து வந்தது என்று காட்ட வேண்டும். அப்பா அம்மா கொடுத்தது என்றால் அன்பளிப்புப் பத்திரம் எழுதி வாங்குங்கள்.

ஆஸ்திரேலியா எளிதா?

கணக்கு எளிது, போட்டி எளிதல்ல. 65 தேர்ச்சி, 45 வயது ஆகிவிட்டால் கதவே கிடையாது. 25 முதல் 32 வயது வரை 30 புள்ளி, பட்டத்துக்கு 15, ஆங்கிலம் எல்லாவற்றிலும் 7 என்றால் 10, எல்லாவற்றிலும் 8 என்றால் 20, எட்டு வருட அனுபவத்துக்கு 15, கல்யாணம் ஆகாதவர்களுக்கு 10. மாநிலம் பரிந்துரைத்தால் 5, ஊரகப் பகுதிக்கான விசாவுக்குப் பரிந்துரை கிடைத்தால் 15. தமிழுக்கும் அங்கே புள்ளி உண்டு என்பது பலருக்குத் தெரியாது. சமூக மொழிபெயர்ப்புத் தேர்வைத் தமிழில் எழுதித் தேறினால் 5.

முக்கியமான வேறுபாடு, தொழில் மதிப்பீட்டை முதலில் முடிக்க வேண்டும். மெக்கானிக்கல் படித்துவிட்டு டெக்னோபார்க்கில் சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவர்கள் இங்கே அடிபடுவார்கள். கணினித் துறைக்கான மதிப்பீட்டு அமைப்பு அனுபவத்தில் முதல் சில வருடங்களைக் கழித்துவிடும். படிப்பு சம்பந்தம் இல்லாதது என்றால் இன்னும் அதிகமாகக் கழிக்கும்.

லண்டனும் ஜெர்மனியும் புள்ளி முறைதானே?

பிரிட்டன் பெயருக்குத்தான். 70 புள்ளி வேண்டும், ஆனால் அனுமதி பெற்ற முதலாளி கொடுக்கும் வேலை இல்லாமல் 70 வரவே வராது. 2025 ஜூலை 22 முதல் பொதுச் சம்பள வரம்பு வருடத்துக்கு 41,700 பவுண்ட் ஆனது. வெளிநாட்டிலிருந்து கேர் வொர்க்கர் எடுப்பதும் அன்றே நின்றது. அந்த விசாவுக்கு இப்போது முன்பணம் கேட்கிறவருக்குக் கொடுக்காதீர்கள்.

ஜெர்மனியில் 2024 ஜூனில் வாய்ப்பு அட்டை வந்தது. ஆறு புள்ளி எடுத்தால் ஒரு வருடம் அங்கே போய் வேலை தேடலாம். பி.ஆர் அல்ல. ஜெர்மன் தெரியாமல் போனால் அந்த வருடம் வீண். நர்சுகளுக்கு வேறு நல்ல வழிகளும் அங்கே உண்டு, எல்லாவற்றுக்கும் மொழிதான் முதல் படி. திருவனந்தபுரத்தில் கோதே மையம் இருக்கிறது.

கனடா பி.ஆர் கிடைத்தால் நர்ஸாக உடனே வேலை பார்க்கலாமா?

முடியாது. பி.ஆர் வேறு, நர்ஸ் பதிவு வேறு. போய் இறங்கும் மாகாணத்தின் நர்சிங் அமைப்பில் பதிவு செய்து, என்கிளெக்ஸ் தேர்வும் தேறிய பிறகுதான். அதுவரை வேறு வேலை.

ஏஜென்ட் தேவையா? தேவை என்றால் யாரை நம்புவது?

எக்ஸ்பிரஸ் என்ட்ரி புரொஃபைல் போடக் கட்டணமே கிடையாது. அதற்கே ஒரு லட்சம் வாங்குகிறார்கள் என்றால் எதற்கு என்று கேளுங்கள். காகிதம் சிக்கலாக இருக்கிறவர்களுக்கு உதவி தேவைப்படலாம். கனடா விஷயத்தில் பணம் வாங்கிக்கொண்டு உங்கள் சார்பில் விண்ணப்பிக்க கனடாவில் பதிவு பெற்ற வழக்கறிஞர்கள் போன்ற சட்டத் துறையினருக்கும், கனடாவின் குடியேற்ற ஆலோசகர் கல்லூரியில் (படிக்கும் கல்லூரி அல்ல, ஆலோசகர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பு) பதிவு பெற்றவர்களுக்கும் மட்டுமே அனுமதி. பதிவு எண்ணைக் கேட்டு அந்தக் கல்லூரியின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். நாகர்கோவில் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவரின் எண்தானா, சுவரில் மாட்டிய யாரோ ஒருவரின் எண்ணா என்றும் பாருங்கள்.

'90 சதவீதம் சான்ஸ்' என்று யார் சொன்னாலும் அடுத்த கேள்வி இதுவாக இருக்கட்டும்: 'என் சி.ஆர்.எஸ் எவ்வளவு? எந்தப் பிரிவுச் சுற்றில்? கடைசி மூன்று கட்-ஆஃப் என்ன?' மூன்றுக்கும் எண்ணாகப் பதில் வரவில்லை என்றால் டீ குடித்துவிட்டுக் கிளம்புங்கள். புரொஃபைலின் பாஸ்வேர்டு உங்கள் கையில், மெயில் ஐ.டி உங்கள் பெயரில். உங்களுக்குத் தெரியாமல் அவர் வைத்த போலிக் கடிதத்துக்கும் தடை விழுவது உங்கள் மேல்தான்.

இது குடியேற்றத்துக்கு. வெளிநாட்டில் வேலை வாங்கித் தருகிறேன் என்பவர் இந்திய அரசின் 1983 குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும், வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டியும் மட்டுமே.

புரொஃபைல் போட்டு ஒரு வருடம் ஆகியும் அழைப்பு வரவில்லை. போச்சா?

12 மாதத்தில் காலாவதி ஆகும், மறுபடி இலவசமாகப் போடலாம். ஒரே புள்ளியில் பலர் நின்றால் முதலில் போட்டவருக்கு முன்னுரிமை. மறுபடி போடும்போது பழைய தேதி போய், புதிய தேதிதான் கணக்கில் வரும். ஐ.இ.எல்.டி.எஸ் தேதி முடிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். அழைப்பு வந்துவிட்டால் எல்லாக் காகிதத்தையும் ஏற்ற 60 நாள்தான் நேரம். சவுதி போலீஸ் சான்று கைக்கு வராமல் அந்த 60 நாள் கடந்தால் அழைப்பு வீணாகும்.